இரவல் முகம் பூண்ட காசுகள்
(கோவில்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் ‘நாணயவியல்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தங்க வராகன்களின் படங்களை எதிர்பார்த்துச் சிலர் வந்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்தனை பளபளப்பானது இல்லை. புளியங்கொட்டை அகலம், இரண்டு மூன்று கிராம் எடை, சம்மட்டியால் அடித்துச் செய்த செம்புக் காசு. மதுரைப் பாண்டியர் ஆட்சி 14ஆம் நூற்றாண்டில் உடைந்து போன பிறகு, கம்பெனி சர்க்கார் வந்து எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கும் வரை, தெற்கே யார் யாரோ அடித்துவிட்ட காசு. வாணாதிராயர், மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதி, புதுக்கோட்டைத் தொண்டைமான் என்று பட்டியல் போகும். இத்தாலியில் மறுமலர்ச்சிக் காலம் என்று புத்தகங்களில் படிக்கிறோமே, அந்த நூற்றாண்டுகளும் இதில் அடங்கும்.

இந்தக் காசுகளைப் பற்றி நான் சொல்ல வருவது ஒன்றுதான். சின்ன அரசர் ஒருவர் காசு அடிக்கும்போது தன் முகத்தைக் காட்டுவதில்லை. ஏற்கெனவே சந்தை நம்புகிற ஒரு முகத்தை இரவல் வாங்கி அடிக்கிறார். அது பழைய அரசனின் முகமாக இருக்கலாம், தெய்வத்தின் முகமாக இருக்கலாம், பட்டப்பெயராகவும் இருக்கலாம். இதை மறந்துவிட்டு, காசில் யார் பெயர் இருக்கிறதோ அவரே அடித்தவர் என்று படித்தால் கணக்கு தப்பிவிடும்.

முதலில் காசு எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துவிடுவோம். நாணயச் சாலையைத் தமிழில் அக்கசாலை என்றும் கம்பட்டம் என்றும் சொல்வோம். கொற்கைக்குப் பக்கத்தில் அக்காசாலை என்ற பெயரிலேயே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. இங்கிருந்து தென்கிழக்கே போனால் அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் நான் பேசுகிற காலத்தில் கம்பட்டம் என்பது பெரிய கட்டடம் இல்லை. உலை, துருத்தி, அடைகல், இரண்டு அச்சு, கைதேர்ந்த இரண்டு மூன்று ஆட்கள். செம்பை உருக்கித் துண்டு துண்டாக்கி, காய்ச்சித் தட்டி, சிறு வில்லைகளாக ஆக்கிக்கொள்வார்கள். ஓர் அச்சு அடியில் அசையாமல் பதிந்திருக்கும். வில்லையை அதன் மேல் வைத்து, இன்னோர் அச்சை மேலே பிடித்து, சம்மட்டியால் ஒரே அடி. அவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கதி உண்டு. அச்சு பெரிதாக இருக்கும், வில்லை சிறிதாக இருக்கும். அதனால் அச்சில் உள்ள உருவமும் எழுத்தும் முழுவதுமாகக் காசில் விழாது. அடிக்கிற ஆள் வில்லையைச் சற்றுத் தள்ளி வைத்தால் எழுத்தின் தலை மட்டும் விழும், கால் விழாது. ‘சேதுபதி’ என்று எழுதிய அச்சில் அடித்த காசு ஒன்றைக் கையில் எடுத்தால் ‘து’வும் ‘ப’வும் பளிச்சென்று இருக்கும். ‘சே’யின் கொம்பு விளிம்போடு போயிருக்கும், ‘தி’ இருக்கிற இடத்தில் செம்பே இருக்காது. ஒரே அச்சில் பிறந்த ஐந்தாறு காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழுச் சொல்லும் கூடும். ஒற்றைக் காசை வைத்துக்கொண்டு வரலாறு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம். இந்தக் காசுகளில் ஆண்டும் கிடையாது. ‘ஸ்ரீவீர’ என்று மட்டும் போட்டுவிட்டு, எந்த வீரன் என்று சொல்லாமல் விட்ட காசுகள் எத்தனையோ. வலப்புறம் பார்க்கும் காளை, யானை, மயில், பிள்ளையார், அனுமன் என்று மறுபக்கத்துக்கு ஆயிரம் வேஷம்.

தென்பாண்டிச் சீமைக் காசுகளைத் தனியாக எடுத்துப் புத்தகம் போட்ட முதல் ஆள் தமிழரும் இல்லை, ஆங்கிலேயரும் இல்லை. டேன்மார்க்கிலிருந்து வந்து வேலூரில் இருந்த லோவன்தால் என்ற பாதிரியார். ‘திருநெல்வேலியின் காசுகள்’ என்ற பொருள்படும் அவருடைய சிறு நூல் 1888இல் சென்னையில் வெளியானது. அதற்கு முன்பே வால்டர் எலியட் தென்னிந்தியக் காசுகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிவிட்டார். கால்டுவெல் 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டுவிட்டார். ஆனாலும் தேய்ந்த செம்பில் இருக்கும் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க உட்கார்ந்த அந்த டேனியப் பாதிரியாரின் பொறுமை தனி. பின்னால் திருச்சியின் தேசிகாச்சாரி வந்தார். நம் காலத்தில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி சங்ககாலப் பாண்டியன் ‘பெருவழுதி’யின் பெயரைச் செம்புக் காசில் படித்துக் காட்டினார். தென்னிந்திய நாணயவியல் கழகத்தைத் தூக்கி நிறுத்தியவரும் அவரே.

இப்போது இரவல் முகத்துக்கு வருவோம். பிற்காலப் பாண்டியர் காசுகளில் மீன் சின்னமும் செண்டும் இருக்கும், கூடவே பட்டப்பெயர் இருக்கும். ‘எல்லாந்தலையானான்’ என்று ஒரு பட்டம். எல்லாவற்றுக்கும் தலையானவன் என்று இத்துனூண்டு செம்பில் போட்டுக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும். பாண்டியருக்கு அந்தத் துணிச்சலுக்கு ஆதாரமாக ஒரு காலத்தில் நெல்லூர் வரை படை போயிருந்தது. அவர்களுக்குப் பின் 15ஆம் நூற்றாண்டில் மதுரை, அழகர்கோயில் பக்கம் ஓங்கிய வாணாதிராயர்கள் கருடன் உருவத்தோடு ‘சமரகோலாகலன்’, ‘புவனேகவீரன்’ என்ற பட்டங்களைக் காசில் போட்டார்கள். போர்க்களத்தில் ஆரவாரம் செய்பவன், புவனத்துக்கே ஒரே வீரன். இந்தக் காசுகளை முதலில் பார்த்தவர்கள் பாண்டியர் காசு என்றே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தானே பாண்டியர் பாணியில் பட்டம் சூட்டி அடித்தார்கள்! சந்தையில் வாங்குகிறவன், அடித்தவர் வாணாதிராயர் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கையில் வாங்கியதும் பழகிய காசாகத் தெரிந்தால் போதும்.

இதற்கெல்லாம் சிகரம் விசுவநாத நாயக்கரின் காசு. விசயநகரத்திலிருந்து வந்து 1529 வாக்கில் மதுரையில் நாயக்க ஆட்சியைத் தொடங்கியவர். தளவாய் அரியநாத முதலியாரோடு சேர்ந்து 72 பாளையங்களைப் பிரித்தவர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே விசுவநாதர். அவர் பெயர் உள்ள செம்புக் காசின் ஒரு பக்கம் ‘விசுவநாதன்’. மறுபக்கம் ‘பாண்டியன்’. தெலுங்கு பேசும் நாயக்கர், விசயநகரப் பேரரசருக்குக் கட்டுப்பட்டவர், தமிழ் எழுத்தில், பழைய பாண்டிய வம்சத்தின் பெயரைப் போடுகிறார். பேரரசரின் பெயரைக் காணோம். சிலர் இதைப் பணிவு என்பார்கள், சிலர் தந்திரம் என்பார்கள். நான் இதை வியாபார புத்தி என்பேன். மதுரைக் கடைவீதியிலும் நெல்லைக் கடைவீதியிலும் மக்கள் கையில் புழங்கிக்கொண்டிருந்தது மீன் போட்ட காசு. புதிதாக வந்தவர் அதைச் செல்லாது என்று அறிவித்தால் மறுநாள் காலை கீரைக்காரிகூடக் கடை விரிக்க மாட்டாள். அதனால் மீனையும் ஏற்றுக்கொண்டார், பாண்டியனையும் ஏற்றுக்கொண்டார். ஆட்சி ஊன்றிய பின் வந்த நாயக்கர் காசுகளில் தமிழோடு தெலுங்கும் நாகரியும் வருகின்றன, திருவேங்களம், மீனாட்சி என்று தெய்வப் பெயர்கள் வருகின்றன. அந்தத் தைரியம் வர இரண்டு மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது.

சேதுபதிகள் இதே வேலையை வேறு விதமாகச் செய்தார்கள். மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605 வாக்கில் சடைக்கன் சேதுபதியை அங்கீகரித்ததிலிருந்து இராமநாதபுரம் அரசு தொடங்குகிறது. அவர்கள் காசில் தனி மனிதரின் பெயர் பெரும்பாலும் இராது, ‘சேதுபதி’ என்ற பதவிப் பெயர்தான். தாத்தா காலத்துக் காசும் பேரன் காலத்துக் காசும் ஒன்றுபோல இருப்பதால் ஆட்சி மாறினாலும் காசு மாறவில்லை. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் ஆரியச் சக்கரவர்த்திகள் படுத்திருக்கும் நந்தியோடு ‘சேது’ என்ற சொல்லைத் தங்கள் காசில் போட்டார்கள். இராமேசுவரத்துக்குப் போகும் வழி யாருடைய காவலில் இருக்கிறது என்ற போட்டி, கடலின் இரண்டு கரையிலும் ஒரே சொல்லைச் செம்பில் அடிக்க வைத்தது. காசியிலிருந்து நடந்து வருகிற யாத்திரிகனுக்கு இராமநாதபுரத்து அரசியல் தெரியாது. ‘சேது’ தெரியும்.

கோவில்பட்டிப் பக்கம் காசைப் பற்றிப் பேசப் போனால் கட்டாயம் வருகிற கேள்வி ஒன்று உண்டு. “எல்லாஞ் சரி சார், எங்க எட்டயபுரத்து ராசா காசு அடிச்சாரா? கட்டபொம்மு காசு அடிச்சாரா?” கேட்கிறவரின் குரலில் ஓர் ஆசை இருக்கும். நம்ம ஊர் ராசாவின் பெயர் பொறித்த ஒரு காசை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பாளையக்காரரின் அதிகாரம் எதில் இருந்தது? கோட்டை, படை, தேசகாவல், தலக்காவல். காவலுக்கு ஈடாக ஊர்களிலிருந்து வாங்கும் வரி, பாதையில் போகும் சரக்குக்குச் சுங்கம். இதில் எதற்கும் தன் பெயரில் காசு தேவையில்லை. பாளையங்கள் எவ்வளவு நெருக்கமாகக் கிடந்தன என்று நினைத்துப் பாருங்கள். எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர், கொல்லார்பட்டி, ஏழாயிரம்பண்ணை, கடம்பூர், மணியாச்சி. பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி சாத்தூர்ப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போனால் நாலைந்து பாளையத்து எல்லையைத் தாண்ட வேண்டும். தூத்துக்குடியில் 1658இலிருந்து உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்கள் உட்கார்ந்துகொண்டு நம் நெசவாளர் துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். அங்கே செல்லுகிற காசு வேண்டும், வழியிலும் செல்ல வேண்டும், திரும்பி வந்து ஊர்ச் சந்தையிலும் செல்ல வேண்டும். ஒவ்வொரு பாளையமும் தனிக் காசு அடித்தால் ஒவ்வோர் எல்லையிலும் காசு மாற்றும் சராப்புக் கடை போட்டு, வட்டம் என்ற மாற்றுக் கழிவைப் பிடிக்க வேண்டியதுதான். பொதி தூத்துக்குடி போய்ச் சேருமுன் பாதி லாபம் வட்டத்திலேயே போய்விடும்.

அப்படி நடந்த நாடு ஒன்று உண்டு. அதுதான் இத்தாலி. வட இத்தாலியில் பியத்மாந்து, லிகூரியா பகுதிகளில் ஒரு மலைக்கோட்டையும் நாலு கிராமமும் உள்ள பிரபுக்கள் பலர் இருந்தார்கள். நம் பாளையக்காரர்களைவிடச் சிறியவர்கள்கூட அவர்களில் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். ரோமப் பேரரசர் என்ற பட்டம் சுமந்த ஜெர்மானியச் சக்கரவர்த்தி அவர்களுக்குக் காசு அடிக்கும் உரிமையை ஓலை எழுதிக் கொடுத்திருந்தார். உரிமை கையில் இருக்கிறது, ஆனால் அவர்கள் பெயரை நாலு கிராமத்துக்கு அப்பால் யாருக்கும் தெரியாது. என்ன செய்தார்கள்? மெஸ்ஸெரானோ, தெசானா, பிரிங்கோ போன்ற இடங்களின் பிரபுக்கள் பெரிய நாடுகளின் காசைப் பார்த்து, ஏறத்தாழ அதே உருவம், ஏறத்தாழ அதே எழுத்து, உள்ளே வெள்ளி மட்டும் குறைவு என்ற கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். சட்டப்படி பார்த்தால் சொந்தக் காசு, எட்ட நின்று பார்த்தால் பக்கத்து நாட்டுக் காசு. கொரெஜ்ஜோ என்ற ஊரின் பிரபு சீரோ இந்த வேலையில் அளவு மீறிப் போய், வழக்கு நடந்து, 1630களில் தன் நாட்டையே இழந்தார்.

இதில் ஒரு வேடிக்கைக் கதை இருக்கிறது. பிரான்சில் திரெவூ என்ற இடத்தில் தோம்ப் நாட்டு இளவரசியின் பெயரில் சிறு வெள்ளிக்காசு ஒன்று அடித்தார்கள். அதில் இருந்த பெண் முகம் துருக்கியப் பேரரசின் சந்தைகளில் பெண்களுக்கு மிகவும் பிடித்துப்போய், நகையாகக் கோத்துப் போட்டுக்கொண்டார்கள். தேவை ஏறியது. உடனே இத்தாலியக் குறுநிலங்களில் டொரீல்யா, தஸ்ஸரோலோ, பொஸ்தினோவோ ஆகிய ஊர்களின் பிரபு வீட்டுச் சீமாட்டிகள் தங்கள் முகத்தை அதே சாயலில் போட்டு, வெள்ளியைக் குறைத்து, கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். 1660களில் பத்தாண்டு காலம் நடந்த கூத்து இது. கடைசியில் துருக்கியர்கள் உரசிப் பார்த்துத் தடை போட்டதும் வியாபாரம் படுத்தது. தன் முகத்தையே இன்னொருத்தியின் முகம் போல அடித்துக்கொடுத்த அரசிகள் உலகத்தில் அவர்கள்தான்.

நம்முடைய வாணாதிராயரும் விசுவநாதரும் செய்தது மோசடி இல்லை. தொடர்ச்சி காட்டுவது வேறு, எடை குறைப்பது வேறு. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றுதான். காசின் மதிப்பை அடிக்கிறவன் தீர்மானிப்பதில்லை, வாங்குகிறவன் தீர்மானிக்கிறான். இத்தாலியப் பிரபுவுக்குக் காசு உரிமை ஒரு வருமானம், அதனால் அடித்தார். பாளையக்காரருக்குக் காவலே வருமானம். காசு அடித்து என்ன ஆகப்போகிறது? செம்புக் காசில் லாபம் பார்ப்பதும் லேசில்லை. செம்பின் விலையைவிடக் காசின் மதிப்பை ரொம்ப உயர்த்தினால் கள்ளக் காசு வந்து குவியும். தாழ்த்தினால் கன்னாரிடம் போய்க் குடமாகவும் சொம்பாகவும் ஆகிவிடும். எத்தனை அரசர்கள் நம் வீட்டுச் செம்புப் பாத்திரங்களில் கரைந்திருக்கிறார்கள் என்று யார் கண்டது?

அப்படியானால் பாளையக்காரர்கள் மேலிடத்துக்குக் கட்ட வேண்டிய கிஸ்தி என்ற வரித் தவணையை எதில் கட்டினார்கள்? இங்கேதான் பழைய முகத்தின் ஆயுள் தெரிகிறது. திருநெல்வேலிச் சீமைக் கணக்குகளில் ‘கலி பணம்’, ‘கலி சக்கரம்’ என்று வரும். இதன் வேர் ‘கலியுகராமன்’ என்ற பாண்டியப் பட்டப்பெயர். ‘கலியுகராமன் பணம்’ என்று கல்வெட்டிலேயே வழங்கிய பெயர். அந்தப் பாண்டியன் போனான், வம்சம் தென்காசிக்குச் சுருங்கி அதுவும் மறைந்தது, நாயக்கர் வந்து போனார்கள், நவாபு வந்தார், வெள்ளைக்காரத் துரைமார் வந்து பேரேடு திறந்தார்கள். அந்தப் பேரேட்டிலும் ‘கல்லி சக்ரம்’ என்று ஆங்கில எழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான் கலியுகராமன். மெய்க்கீர்த்தி பாடிய புலவர்களால் முடியாததைக் கணக்கப்பிள்ளைகள் செய்து முடித்திருக்கிறார்கள்.

கட்டபொம்மன் கதையில் வரும் கணக்கையும் ஒரு நிமிடம் பார்ப்போம். திரைப்படம் பார்த்த தலைமுறைக்குக் கிஸ்தி என்றாலே கர்ஜனைதான் காதில் விழும். பேரேட்டில் அது எண்ணிக்கை. 1798இல் அவர் மீது சொல்லப்பட்ட பாக்கி 3,310 வராகன். அந்த ஆண்டு செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தபோது கணக்குப் பார்த்ததில் நின்றது 1,080 வராகன் மட்டும். கம்பெனியின் சென்னைக் கணக்குப்படி ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக ஒரு வராகன் 3,360 காசு. முதலில் சொன்ன பாக்கியைக் காசாக மாற்றினால் 1 கோடியே 11 லட்சத்து 21 ஆயிரத்து 600. கம்பெனி பின்னால் வெளியிட்ட 20 காசு நாணயம் 9 கிராம் சொச்சம் எடை. அந்தக் கணக்கில் இது ஐந்து டன் செம்பு. ஏழெட்டு வண்டி பூட்ட வேண்டும். அதுவே தங்க வராகனாக இருந்தால் மொத்தம் 11 கிலோ சொச்சம், குதிரையில் ஓர் ஆள் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

இந்தக் கணக்கை நான் சும்மா போட்டுக் காட்டவில்லை. பருத்தி எடுத்த கூலியும், கம்பும் சோளமும் விற்ற கிரயமும் செம்பில் வந்தன. மேலே போகும்போது அது தங்கமாக மாற வேண்டும். நடுவில் நின்று மாற்றிக் கொடுத்தவர் சராப்பு. செம்புக்கும் தங்கத்துக்கும் உள்ள வட்டம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கிஸ்தி கட்டும் மாதத்தில் எல்லாருக்கும் தங்கம் தேவை, அப்போது செம்பு இறங்கும். பாளையத்து அரசியல் முழுவதும் கோட்டைச் சுவரில் நடந்ததாக நாம் எழுதி வைத்திருக்கிறோம். பாதியாவது சராப்புக் கடைத் திண்ணையில் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். தங்கப் பணம் என்பது மூன்று குன்றிமணி எடை, விரலிடுக்கில் நழுவினால் தேட வேண்டியதுதான். இத்தகைய பொடிக் காசுகளை எண்ணுவதற்கென்றே குழி குழியாகப் போட்ட பலகை திருவிதாங்கூரில் இருந்தது. காசுகளைப் பலகையில் கொட்டி ஓர் ஆட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும், எண்ணிக்கை முடிந்தது. செம்புக் காசுக்கு இந்தச் சௌகரியம் இல்லை, கையால்தான் எண்ண வேண்டும்.

சென்னையில் கம்பெனி செய்த காரியமும் இரவல் முகம்தான். 1639இல் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் கொடுத்த சாசனத்தில் நிலத்தோடு காசு அடிக்கும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தது. ஒரு சின்ன நாயக்கர் போகிற போக்கில் கொடுத்த உரிமை. வெள்ளைக்காரர்கள் தங்கள் அரசர் தலையைப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போகவில்லை. விசயநகரப் பாணியில் பெருமாளையும் இரண்டு நாச்சிமாரையும் போட்டு மூன்று சாமி வராகன் அடித்தார்கள். புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள் பெருமாளைச் சேவித்தார்களா என்று கேட்கக் கூடாது. லாபத்தைச் சேவித்தார்கள்.

இந்தச் சம்மட்டிக் காலம் முடிந்ததும் அவர்கள் கையில்தான். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். எதிர்த்து நின்ற பாளையங்களைப் பறிமுதல் செய்தார்கள். நாலே ஆண்டில், 1803இல், இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகே சோகோ ஆலையில் நீராவி எந்திரத்தில் அடித்த செம்புக் காசுகள் சென்னைக்கு வந்து இறங்கின. சரி வட்டம், ஓரம் ஒழுங்கு, எண்ணும் எழுத்தும் முழுசாக, ஒன்றுபோல் மற்றொன்று. 1808ஆம் ஆண்டு அச்சுக் காசுகளை ஏற்றிய ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முத்துக்குளிப்பது போல இறங்கி எடுத்தார்கள். நம் சந்தைக்கு வர வேண்டிய அந்தக் காசுகள் இப்போது லண்டன் ஏலக் கடைகளில் விற்கின்றன. 1818இல் வராகன் கணக்கு போய் வெள்ளி ரூபாய் வந்தது.

விதிவிலக்காக ஒரு சின்ன அரசு பிழைத்துக் கிடந்தது. புதுக்கோட்டையின் அம்மன் காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. அணாவுக்கு 20, ரூபாய்க்கு 320. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து வழங்கிய காசு. அரண்மனை இதைக் கையால் அடித்துக்கொண்டிருந்தது, 1889இல் பர்மிங்காமுக்கு எழுதிப் போட்டு எந்திரத்தில் அடித்து வாங்கியது. எந்திரம் மாறியது, அம்பாள் மாறவில்லை, ‘விஜய’வும் மாறவில்லை. தொண்டைமானின் பெயர் அப்போதும் அதில் ஏறவில்லை. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரைக்கும் அந்த வட்டாரத்தில் அம்மன் காசைப் பார்க்க முடிந்தது.

கடைசியாக, உழுகிறவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஆற்று மணலில் காசு கிடைப்பது போலக் கரிசலில் கிடைப்பதில்லை. கோடையில் நம் மண் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிறது. மேலே கிடக்கிற காசு அந்த வெடிப்பில் விழுந்து அடியில் போகும். ஐப்பசி மழையில் மண் உப்பி மூடிக்கொள்ளும், அடியில் இருப்பதை மேலே தள்ளும். கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்கிற மண். ஆகவே மூன்றடி ஆழத்தில் கிடைத்தது, ரொம்பப் பழசு என்ற வாதம் செங்காட்டில் செல்லும், நம்மிடம் செல்லாது. இங்கே ஆழத்தைவிட இடம் முக்கியம். பருத்திக்காட்டில் ஒற்றையாகக் கிடைத்ததா, பாழ் நத்தத்து மேட்டில் ஓட்டுச் சில்லுகளோடு கிடைத்ததா, பழைய வண்டிப்பாதை ஓரத்தில் கிடைத்ததா?

காசு கிடைத்ததும் வீட்டில் செய்கிற முதல் காரியம் புளி போட்டுத் துலக்குவது. பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும், மழுமழுவென்ற செம்பு வில்லைதான் மிஞ்சும். துலக்காதீர்கள். தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஒரு காகித உறையில் போட்டு, உறையின் மேல் காட்டின் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதுங்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நோட்டு போட்டு, எந்த ஊரில், எந்தக் காட்டில், என்ன உருவம் போட்ட காசு என்று ஆசிரியர்கள் பதிந்து வைத்தால் போதும். சேதுபதி காசு மேற்கே எவ்வளவு தூரம் வந்தது, மீன் போட்ட பழங்காசு நாயக்கர் காசோடு எந்தெந்த மேட்டில் கலந்து கிடக்கிறது, வண்டிகள் எந்தப் பாளையத்துச் சுங்கத்தைச் சுற்றிக்கொண்டு போயின என்பதையெல்லாம் அந்த நோட்டுகளை அடுக்கி வைத்து ஒரு படமாக வரைந்துவிடலாம். விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு மூன்று வட்டத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை.